ஞாயிறு மாலை சைக்கிள் பட்டறை: போர்டில் என்ன எழுதுவது?

வாடகைசைக்கிள் (மதுரை)

வணக்கம். தெற்குவாசல் பக்கம் எங்கள் அப்பா வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தார். மணிக்கு இவ்வளவு என்று நோட்டில் பெயர் எழுதிவிட்டு எடுத்துப் போவார்களே, அந்த மாதிரிக் கடை. வீட்டுக்கு வீடு டூவீலர் வந்த பிறகு வாடகைக்கு ஆள் வரவில்லை. அப்பாவும் போய்விட்டார். முன்பக்கத்தை ஜெராக்ஸ் கடைக்கு விட்டிருக்கிறோம். பின்கட்டு மட்டும் அப்படியே கிடக்கிறது. போன மாதம் பூட்டைத் திறந்து பார்த்தேன். ஸ்பேனர் வரிசை, ரிம்முக்குப் பெண்டு எடுக்கிற ஸ்டாண்டு, பஞ்சர் பார்க்கத் தண்ணீர் ஊற்றிவைக்கிற இரும்புச் சட்டி, பால்ரஸ் குண்டு நிரம்பிய ஹார்லிக்ஸ் பாட்டில், கைப் பம்பு, எல்லாம் இருக்கிறது. துருதான். உப்புத்தாள் போட்டால் சரியாகிவிடும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நாலு மணியிலிருந்து ஏழு மணிவரை அதைத் திறந்துவிடலாம் என்று இருக்கிறேன். கடையாக இல்லை. சைக்கிளைக் கொண்டுவந்து, சாமானை எடுத்து, அவரவர் கையாலேயே பழுது பார்க்க வேண்டும். தெரியாததைத் தெரிந்தவர் சொல்லித் தருவார். பெண்கள், திருநங்கைகள், திருநம்பிகள் (பெண் என்று வளர்க்கப்பட்டு ஆணாக வாழ்பவர்கள்), மற்ற பால்புதுமையர் (பாலினத்திலோ ஈர்ப்பிலோ வழக்கமான வகைக்குள் அடங்காதவர்கள்), இவர்களுக்கான இடம்.

ஏன் இவர்களுக்கு மட்டும் என்றால், என் கதைதான் காரணம். பத்து வயதுவரை நான் அந்தக் கடையில்தான் வளர்ந்தேன். ஓட்டை விழுந்த ட்யூபில் சொலுஷன் தடவி, ஊதி ஊதிக் காயவைப்பது என் வேலை. பெரியவளானதும் கடைப் பக்கம் வரவேண்டாம் என்று பாட்டி சொல்லிவிட்டார். அப்பா எதுவும் பேசவில்லை. வேலைக்கு வந்த பையன்கள் எல்லோரும் வண்டியை முழுக்கப் பிரித்து மாட்டுகிற ஓவராயில் வரைக்கும் பழகிக்கொண்டு போனார்கள். கடைக்காரர் மகள் நான், முப்பத்து நாலு வயதில் யூட்யூப் பார்த்துச் செயின் மாட்டக் கற்றேன்.

எனக்கு மூன்று சந்தேகம். போர்டில் என்ன எழுதுவது? வாசலில் யாரை விடுவது, யாரை விடக்கூடாது என்று எப்படிப் பார்ப்பது? வேலை தெரிந்த அண்ணன்மார் உதவிக்கு வருகிறேன் என்கிறார்கள், வரச் சொல்லலாமா?

காவிரிக்கரை

நல்ல முயற்சிதான் சகோதரி. மனதில் பட்டதைச் சொல்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பஞ்சர் ஒட்டுகிற இடத்தில் ஆண் என்ன, பெண் என்ன? எல்லோருக்கும் திறந்து வையுங்கள், வருகிறவர் வரட்டும். ஏற்கெனவே பஸ்ஸில் தனி, கியூவில் தனி என்று பிரித்துப் பிரித்துத்தான் வைத்திருக்கிறோம். நீங்களும் ஒரு கோடு போட வேண்டுமா?

இடதுபெடல் (லண்டன்)

காவிரிக்கரை அண்ணா, இதே கேள்வியை நானும் கேட்டிருக்கிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன்.

எனக்குச் சொந்த ஊர் திண்டுக்கல். இங்கே வந்த புதிதில் பழைய சைக்கிள் ஒன்று வாங்கினேன். பெடல் உடைந்துவிட்டது. எல்லோருக்கும் திறந்த ஒரு பட்டறைக்கு எடுத்துப் போனேன். வலது பெடல் கழன்றுவிட்டது. இடது பெடல் அசையவில்லை. ஸ்பேனரில் தொங்கிப் பார்த்தேன், எண்ணெய் விட்டுப் பார்த்தேன், திருகத் திருக இறுகுகிறது. பக்கத்தில் நின்றவர், நல்ல மனிதர்தான், "இங்கே கொடுங்கள்" என்று ஸ்பேனரை வாங்கினார். பத்து நொடி. பெடலைக் கழற்றிக் கையில் கொடுத்துவிட்டுச் சிரித்துக்கொண்டே போய்விட்டார். நன்றி சொன்னேன். ஏன் எனக்கு வரவில்லை, அவருக்கு ஏன் வந்தது என்று தெரியாமலே வீட்டுக்கு வந்தேன். எனக்குப் பலம் போதாது என்றுதான் நினைத்துக்கொண்டேன். ஆறேழு மாதம் அப்படியே நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம் ஒரு தோழி, பெண்களுக்கும் திருநருக்கும் (திருநங்கை, திருநம்பி எல்லோருக்கும்) தனியாக நடக்கிற ஒரு மாலைக்குக் கூட்டிப் போனாள். மறுபடியும் பெடல் மாற்ற வேண்டியிருந்தது, மறுபடியும் அதே இடது பெடல். அங்கே உதவிக்கு நின்றவர் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, "எந்தப் பக்கம் திருகுகிறீர்கள்?" என்று கேட்டார். காட்டினேன். "மறுபக்கம் திருகிப் பாருங்கள்" என்றார். திருகினேன், கழன்றது! இடது பெடலுக்கு மரை தலைகீழ். மிதிக்க மிதிக்கத் தானாகக் கழன்று விழாமல் இருக்க அப்படி வெட்டியிருக்கிறார்கள். இதில் பலத்துக்கு என்ன வேலை இருக்கிறது? யாரோ ஒருவர் வாயால் சொல்லியிருந்தால் முதல் நாளே எனக்குத் தெரிந்திருக்கும்.

அந்த முதல் மனிதர் கெட்டவர் இல்லை. ஆனால் எல்லோருக்கும் திறந்த இடத்தில் ஒவ்வொரு தடவையும் என் கையிலிருந்து ஸ்பேனர் போய்விட்டது. தனி மாலையில் அது என் கையிலேயே இருந்தது. இந்த ஒரு வித்தியாசத்துக்காகத்தான் தனி நேரம் வேண்டும் என்கிறேன்.

இது உலகத்தில் புதிதும் இல்லை. லாஸ் ஏஞ்சல்ஸில் பைசிக்கிள் கிச்சன் என்று ஒரு பட்டறை, 2002இல் ஒரு குடியிருப்பின் சமையலறையில் தொடங்கினார்கள். அதனால்தான் அந்தப் பெயர். அந்தப் பெயரைப் பின்பற்றி எத்தனையோ ஊர்களில் சைக்கிள் 'கிச்சன்' வந்துவிட்டது. அங்கே திங்கள் மாலையைப் பெண்களுக்கும் திருநருக்கும் என்று ஒதுக்கினார்கள். லண்டன் பைக் கிச்சனும் அப்படி ஒரு மாலை நடத்தியது. ஆக்ஸ்ஃபோர்டில் புரோக்கன் ஸ்போக் என்ற கூட்டுறவுப் பட்டறையில் அந்த மாலைக்குப் பெயரே 'பெரிலின் இரவு'. பெரில் பர்ட்டனின் நினைவாக வைத்த பெயர். யார்க்ஷயரில் ருபார்ப் கீரைத் தோட்டத்தில் வேலை செய்த பெண் அவர். 1967இல் பன்னிரண்டு மணி நேரப் போட்டியில் 277.25 மைல் ஓட்டினார். அன்றைக்கு ஆண்களில் முதலாக வந்து புதிய சாதனையே படைத்தவர் ஓட்டியதைவிட அது அதிகம். வழியில் அவரைத் தாண்டிப் போகும்போது ஒரு மிட்டாயை எடுத்து நீட்டினாராம், அவரும் வாங்கிக்கொண்டாராம். அந்த மிட்டாய்க் கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

மற்ற நாட்களில் இந்தப் பட்டறைகள் எல்லோருக்கும் திறந்துதான் இருந்தன. யாரையும் அடியோடு விலக்கவில்லை.

காவிரிக்கரை

பெடல் விஷயம் புரிகிறது. என் மனைவி விஷயத்தில் நானும் அந்த "இங்கே கொடு" ஆள்தான், ஒப்புக்கொள்கிறேன். இன்னும் ஒரு சந்தேகம். சர்வதேச சைக்கிள் சங்கமே 2023 ஜூலையில், ஆணாகப் பருவமடைந்த பிறகு மாறிய திருநங்கைகள் பெண்கள் போட்டியில் கலந்துகொள்ளக் கூடாது என்று முடிவெடுத்துவிட்டது. அப்படியிருக்க, பெண்களுக்கான இடத்தில் அவர்களையும் சேர்த்தால் பெண்களுக்குச் சங்கடமாக இருக்காதா?

மல்லிகைமொட்டு

அண்ணா, நான் திருநங்கை. மதுரைதான். எனக்குப் பந்தயமெல்லாம் வேண்டாம். விடியற்காலை நாலரைக்கு மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் நிற்க வேண்டும். அதுக்குச் சைக்கிள் வேண்டும், அவ்வளவுதான்.

2021இல் பெண்களுக்கு டவுன் பஸ் கட்டணமில்லை என்று வந்தது, அதே வருஷம் எங்களுக்கும் வந்தது. நல்ல விஷயம், தினமும் பயன்படுத்துகிறேன். ஆனால் நாலு மணிக்கு எங்கள் தெருப் பக்கம் பஸ் இல்லை. ஆட்டோவுக்குக் கொடுத்தால் பூவில் வருகிற லாபம் அதிலேயே போய்விடும். ஆகவே சைக்கிள்.

போன வருஷம் பின் சக்கரம் பெண்டாகிப் பிரேக் கட்டையில் உரச ஆரம்பித்தது. ஒரு கடைக்குப் போனேன். எந்தக் கடை என்று சொல்லப் போவதில்லை. எனக்குப் பின்னால் வந்த மூன்று பேருடைய வண்டியைப் பார்த்து முடித்துவிட்டுத்தான் என்னுடையதைத் தொட்டார். அதுவரை நடுரோட்டில் நிற்க வேண்டும். போகிற வருகிறவன் எல்லாம் ஏதாவது சொல்லிவிட்டுப் போவான். ஒருவன் சீட்டைத் தட்டிக்கொண்டே நின்றான். வேலை முடிந்ததும் சொன்ன காசைவிட இருபது ரூபாய் அதிகம் கேட்டார். கொடுத்தேன். அதிலிருந்து சக்கரம் உரசினாலும் உரசட்டும் என்று ஓட்டிக்கொண்டிருக்கிறேன். ஏற்றத்தில் மூச்சு வாங்குகிறது.

பெண்களுக்குச் சங்கடமா என்று கேட்டீர்கள். நான் பூ விற்பது பெண்களிடம்தான். தினமும் நாற்பது ஐம்பது பேர். என் கையால் அளந்து, அவர்கள் தலையில் வைத்துக்கொள்கிறார்கள். ஒரு சட்டி தண்ணீரில் ட்யூபை முக்கிப் பார்க்க என் பக்கத்தில் உட்கார மாட்டார்களா?

வாடகைசைக்கிள் அக்கா, நீங்கள் திறக்கிற அன்றைக்கு முதல் ஆள் நான்தான்.

காவிரிக்கரை

நீங்கள் சொன்னதைப் படித்தேன். நான் கேட்டது சரியில்லை. போட்டி வேறு, இது வேறு. மன்னிக்கவும் அம்மா.

பார்வைத்தவண்டி

நான் திருநம்பி. போர்டைப் பற்றிச் சொல்லத்தான் வந்தேன், முதலில் ஒரு சின்னக் கதை.

பதினொன்றாம் வகுப்பில் அரசாங்க சைக்கிள் கொடுத்தார்கள். பெண் பிள்ளைகளுக்குப் பார் இல்லாதது, பையன்களுக்குப் பார் வைத்தது. பதிவேட்டில் நான் பெண். வரிசையில் நின்று, பெயர் கூப்பிட்டதும் போய், பார் இல்லாத வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தேன். வகுப்பில் ஒருவன், அவன் வீட்டில் அக்காவும் அம்மாவும் சேலையோடு ஓட்ட வேண்டும், பார் வண்டி அவனுக்கு உதவாது. சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பின்னால் வைத்து இரண்டு பேரும் மாற்றிக்கொண்டோம். வீட்டில் கேட்டதற்கு, லேடீஸ் வண்டி தீர்ந்துவிட்டது என்றேன். அந்தப் பாரின் மேல் காலைத் தூக்கிப் போட்டு முதல் தடவை ஏறியது இன்னும் உடம்பில் இருக்கிறது. நான் யார் என்று ஒருவரிடமும் சொல்லாத காலத்தில் அந்த வண்டிக்கு மட்டும் தெரியும்.

இப்போது போர்டு. 'மகளிர் மட்டும்' என்று எழுதினீர்கள் என்றால் நான் வர முடியாது. உள்ளே வந்தால் நான் பெண் என்று நானே ஒத்துக்கொண்ட மாதிரி. ஆண்கள் நிற்கிற கடைக்குப் போனாலோ, என் குரலைக் கேட்டதும் மேலும் கீழும் பார்க்கிறார்கள். இரண்டு பக்கமும் எனக்கு இடமில்லை. 'பெண்களும் திருநங்கைகளும்' என்று எழுதினாலும் நாங்கள் விட்டுப்போகிறோம், நிறைய இடத்தில் இது நடக்கிறது. திருநம்பி என்கிற சொல்லை எழுதுங்கள் அக்கா. அந்த ஒரு சொல்லைப் பார்த்தால் போதும், எங்களையும் நினைத்திருக்கிறார்கள் என்று தெரிந்துவிடும்.

மாடிவீடு

நான் எதிர்ப்பக்கம் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. நான் பெண். எனக்குப் பெண்களைத்தான் பிடிக்கும். வீட்டில் தெரியாது, தெரிந்தால் என்ன ஆகும் என்று யோசிக்கவே முடியவில்லை. 'பால்புதுமையர்' என்று பெரிய எழுத்தில் எழுதிய போர்டுக்குக் கீழே நான் நுழைந்தால் தெருவே பார்க்கும். 2022இல் நீதிமன்றம் சொல்லி அரசாங்கம் சொற்பட்டியல் வெளியிட்ட பிறகு பேப்பரில் எல்லாம் அந்தச் சொல் வந்துவிட்டது, அர்த்தம் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். எங்கள் பெயரை எழுதுவது மரியாதைதான். ஆனால் நான் உள்ளே வரும்போது அதே எழுத்து என்னைக் காட்டிக் கொடுத்துவிடும்.

தவிர நான் வருவேனா என்றே தெரியவில்லை. சும்மா சொன்னேன்.

வாடகைசைக்கிள்

மாடிவீடு, சும்மா இல்லை. எனக்கு இது தோன்றவே இல்லை. நேற்று ராத்திரி முழுக்க யோசித்துக்கொண்டிருந்தேன். பார்வைத்தவண்டி தம்பி சொல்வதும் சரி, நீங்கள் சொல்வதும் சரி. இரண்டுக்கும் சேர்த்து வழி இருந்தால் சொல்லுங்கள்.

விருதுக்கல்

வாசலில் பார்ப்பது பற்றி: திருநர்களுக்கு இப்போது அரசு அடையாள அட்டை இருக்கிறதே. அதைக் காட்டச் சொல்லலாம். யாராவது விஷமி உள்ளே வந்துவிட்டால் பொறுப்பு உங்களுடையதாகிவிடும்.

இடதுபெடல்

விருதுக்கல் அண்ணா, வேண்டாம். அட்டை எடுக்காதவர்கள், எடுக்க முடியாதவர்கள் எத்தனையோ பேர். மாடிவீடு மாதிரி இருப்பவர்கள் எந்த அட்டையைக் காட்டுவார்கள்?

அட்டை இருந்தாலும் வாசலில் நிற்பவர் மனது வைக்காவிட்டால் அதனால் பிரயோஜனமில்லை. கிட்டி நாக்ஸ் என்று ஒருவர். பாஸ்டனில் தையல் வேலை செய்த இளம்பெண். அப்பா கறுப்பர், அம்மா வெள்ளையர். 1893இலேயே அமெரிக்க சைக்கிள் ஓட்டுநர் சங்கத்தில் உறுப்பினர் ஆகிவிட்டார். 1894இல் அந்தச் சங்கம் 'வெள்ளையர்' என்ற சொல்லை விதியில் சேர்த்தது. 1895இல் ஆஸ்பரி பார்க்கில் நடந்த கூட்டத்துக்கு, தானே தைத்த கால்சட்டை உடுப்போடு, உறுப்பினர் அட்டையோடு போனார். செல்லுபடியாகும் அட்டை கையில் இருந்தும் அவரை ஏற்பதா வேண்டாமா என்று பத்திரிகைகளில் எழுதித் தள்ளினார்கள். அந்த விதியை அந்தச் சங்கம் முறையாகக் கைவிட்டது எப்போது தெரியுமா? 1999இல்!

இங்கே நான் பார்த்த பட்டறைகளில் யாரையும் எதுவும் கேட்பதில்லை. இந்த மாலை யாருக்கு என்று உள்ளே எழுதி ஒட்டியிருக்கும். படித்துவிட்டு, எனக்கானது என்று நினைப்பவர் உட்காரலாம். உட்கார்ந்தவரை நீ யார் என்று கேட்கக் கூடாது. என்ன பெயர் சொல்லிக் கூப்பிடலாம் என்று மட்டும் கேட்பார்கள், அந்தப் பெயரையே கூப்பிடுவார்கள். யாராவது தொந்தரவு செய்தால், செய்த காரியத்துக்காக வெளியே போகச் சொல்வார்கள், ஆளின் உருவத்தை வைத்து இல்லை.

இதைவிட முக்கியம் போட்டோ. கேட்காமல் யாரும் படம் எடுக்கக் கூடாது. நல்ல எண்ணத்தோடு எடுத்து ஃபேஸ்புக்கில் போடுவார்கள், பின்னால் ஓரமாக ஒரு முகம் தெரியும், அந்த முகத்துக்கு அன்று ராத்திரி வீட்டில் என்ன நடக்கும் என்று படம் எடுத்தவருக்குத் தெரியாது. முதல் நாளே இதைச் சுவரில் எழுதிவிடுங்கள்.

போர்டுக்கு ஒரு யோசனை. தெருவைப் பார்த்த போர்டில் 'ஞாயிறு சைக்கிள் பட்டறை' என்று மட்டும் போடுங்கள். உள்ளே, வாசற்படி தாண்டியதும் கண்ணில் படுகிற சுவரில், எல்லாப் பெயரையும் பெரிதாக எழுதுங்கள். திருநம்பி என்கிற சொல்லும் இருக்கும், தெருவுக்கும் தெரியாது.

பார்வைத்தவண்டி

எனக்கு இது சரி. ஆனால் வெளியே ஒன்றுமே இல்லாவிட்டால் என்னைப் போல ஒருவன் உள்ளே எட்டிக்கூடப் பார்க்க மாட்டான். சொல்லி அனுப்புகிற வாட்ஸ்அப் செய்தியிலாவது எல்லாப் பெயரும் இருக்கட்டும்.

அறிவொளி92

வணக்கம் பிள்ளைகளா. நான் புதுக்கோட்டை மாவட்டம். அறிவொளி இயக்கத்தில் தொண்டராக இருந்தேன், இப்போது அறுபது தாண்டிவிட்டது. பேரன்தான் இந்த இழையைக் காட்டினான்.

அறிவொளி எழுத்துச் சொல்லித் தர வந்த இயக்கம். கலெக்டர் ஷீலாராணி சுங்கத் அவர்கள் காலத்தில் சைக்கிளும் அதோடு சேர்ந்துகொண்டது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் ஓட்டக் கற்றார்கள் என்று கணக்கு. 1992 மகளிர் தினத்தில் ஆயிரத்து ஐந்நூறு பேருக்கு மேல் கொடி கட்டி, மணி அடித்துக்கொண்டு டவுனுக்குள் போனோம். கடைக்காரர்கள் வாசலுக்கு வந்து வாயைத் திறந்தபடி பார்த்தார்கள். பின்னாளில் பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதியதால் வெளியூருக்கெல்லாம் தெரிந்தது.

பாரைப் பற்றி அந்தத் தம்பி எழுதியதைப் படித்ததும் எனக்கும் ஞாபகம் வந்தது. அப்போது லேடீஸ் சைக்கிள் போதவில்லை. கிடைத்த ஜென்ட்ஸ் சைக்கிளையே வாங்கினார்கள். அப்புறம் சில பேர் அதுதான் வேண்டும் என்று கேட்டு வாங்கினார்கள். ஏன் தெரியுமா, பாரில் பிள்ளையை உட்காரவைக்கலாம். முன்னால் பிள்ளை, பின்னால் கேரியரில் தண்ணீர்க் குடம். சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு ஏறுவார்கள். பார் வைத்தது ஆணுக்கு, வைக்காதது பெண்ணுக்கு என்று யார் சொன்னது?

அண்ணன்மார் உதவிக்கு வரலாமா என்று கேட்டிருக்கிறாய். எங்கள் ஊரில் முதலில் ஆம்பளைத் தொண்டர்கள்தான் சொல்லித் தந்தார்கள், வேறு ஆள் ஏது. சீட்டைப் பிடித்துக்கொண்டே பின்னால் ஓடி வரவேண்டும். பிடிக்கிறவருக்கும் கூச்சம், ஓட்டுகிறவளுக்கும் கூச்சம், மாமியார் திண்ணையில் நின்று பார்ப்பார். மூன்று பெண்கள் கற்றதும் அவர்களை விட்டே மற்றவர்களுக்குச் சொல்லித் தரவைத்தோம். அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை வந்த கூட்டத்துக்குச் சைக்கிள் போதவில்லை.

ஒரு குறை எனக்கு இன்றுவரை உண்டு. ஓட்டச் சொல்லித் தந்தோம், எங்கள் ஊரில் பழுது பார்க்கச் சொல்லித் தரவில்லை. பஞ்சர் ஆனால் இரண்டு மைல் தள்ளிக்கொண்டு போய்க் கடையில் நிற்க வேண்டும், கையில் காசு இருக்காது. வால்டியூப் மாற்றத் தெரியாமலே எத்தனையோ வண்டி திண்ணையில் சாத்தி வைத்தபடி துருப்பிடித்துப் போயிற்று. திருநங்கைப் பிள்ளைகளைப் பற்றி அன்றைக்கு நாங்கள் யாரும் நினைக்கவே இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊரிலும் ஒரு பிள்ளை இருந்தது. முகாமின் ஓரத்தில் வந்து நின்று பார்த்துவிட்டுப் போகும். கூப்பிட்டிருக்கலாம்.

பனையடி (ரொறன்ரோ)

நான் யாழ்ப்பாணம், இப்ப முப்பது வருசமாக ரொறன்ரோ. எங்கட ஊரில் பெட்டைகள் சைக்கிள் ஓடுறது ஒரு புதினமே இல்லை. 90களில் பெற்றோல் தடை இருந்த காலத்தில் ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், இடப்பெயர்வு, எல்லாத்துக்கும் சைக்கிள்தான். அம்மா எங்களை முன்னுக்கும் பின்னுக்கும் ஏற்றி, மா மூட்டையையும் கட்டிக்கொண்டு ஓடினவர். ஆனால் ரியூப் ஒட்டுறதுக்கு அவரும் சந்திக் கடைக்குத்தான் போனவர். அறிவொளி அம்மா சொன்ன குறை எங்களிட்டையும் இருந்தது.

இங்கே பைக் பைரேட்ஸ் என்று தொண்டர்கள் நடத்தின பட்டறையில் ஞாயிற்றுக்கிழமை பெண்களுக்கும் திருநருக்கும் என்று இருந்தது. ஒரு விசயம் உதவும் என்று நினைக்கிறேன். இந்த மாதிரி இடங்களில் சுவரில் பலகை அடித்து, ஒவ்வொரு சாமானுக்கும் அதன் வடிவத்தைப் பெயின்டால் வரைந்திருப்பினம். எந்த ஸ்பேனர் எங்கே தொங்க வேணும் என்று பார்த்த உடனே விளங்கும். பெயர் தெரியாட்டிலும் பரவாயில்லை, எவரையும் கேட்க வேண்டியதில்லை. சாமான் பெயர் தெரியாமல் வாய் திறக்க வெட்கப்பட்டே நான் கன காலம் போகாமல் இருந்தனான்.

ஓவராயில்

தங்கச்சி, ஹார்லிக்ஸ் பாட்டில், இரும்புச் சட்டி என்று எழுதியிருந்ததைப் படித்தேன். ரோட்டின் எந்தப் பக்கம் கடை என்று சொன்னால் உறுதியாகிவிடும், ஆனாலும் எனக்குச் சந்தேகமில்லை. உங்கள் அப்பாவிடம்தான் நான் தொழில் பழகினேன். சொலுஷனை ஊதிக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்திருக்கும் சின்னப் பிள்ளை நீங்கள்தான். ஒரு நாள் வரவில்லை, அப்புறம் வரவே இல்லை. ஏன் என்று நாங்கள் கேட்கவில்லை. அந்த ஸ்டூலில் அடுத்து நான்தான் உட்கார்ந்தேன்.

இப்போது சொந்தக் கடை இருக்கிறது. உதவிக்கு வரலாமா என்பதற்கு என் பதில்: ஞாயிற்றுக்கிழமை நான் வரவில்லை. நான் வந்தால், வேண்டாம் என்று நினைத்தாலும் கை தானாக நீளும். இருபத்தைந்து வருடப் பழக்கம். அதற்குப் பதில் செவ்வாய், புதன் சாயங்காலம் ஒரு மணி நேரம் வருகிறேன். நீங்களும் பூக்கார அம்மாவும் இன்னும் விருப்பப்படுகிறவர்களும் இருந்தால், பஞ்சர், பிரேக், செயின், பெண்டு எடுப்பது, பால்ரஸ் மாற்றுவது, இந்த ஐந்தையும் ஒரு மாதத்தில் சொல்லித் தந்துவிடலாம். ஞாயிற்றுக்கிழமை நீங்கள் மற்றவர்களுக்குச் சொல்லித் தாருங்கள். காசு பேச்சே வேண்டாம்.

வாடகைசைக்கிள்

அண்ணா, எனக்கு உங்கள் முகம் ஞாபகம் இருக்கிறது. செவ்வாய்க்கிழமை வாருங்கள்.

வாடகைசைக்கிள் (ஐந்து வாரம் கழித்து)

எல்லோரும் கேட்டுக்கொண்டே இருந்தீர்கள், நேற்றுத்தான் முதல் ஞாயிறு. ஏழு பேர் வந்தார்கள். வெளியே 'ஞாயிறு சைக்கிள் பட்டறை'. உள்ளே நுழைந்ததும் சுவரில், பெண்கள், திருநங்கைகள், திருநம்பிகள், பால்புதுமையர் என்று நீலப் பெயின்டில் எழுதியிருக்கிறேன். அதற்குக் கீழே இரண்டே வரி: கேட்காமல் படம் எடுக்காதீர்கள். அடுத்தவர் சைக்கிளைத் தொடாதீர்கள். பனையடி அக்கா சொன்ன மாதிரி பலகையில் ஸ்பேனர் வடிவங்களையும் வரைந்தாயிற்று. முதல் நாளே எல்லாம் அதனதன் இடத்துக்குத் திரும்பிவிட்டது, பதினாலாம் நம்பரைத் தவிர.

மல்லிகைமொட்டு பின் சக்கரத்துக்குப் பெண்டு எடுத்தார். சக்கரத்தை ஸ்டாண்டில் மாட்டி, மெதுவாகச் சுற்றிவிட்டு, எந்த இடத்தில் உரசுகிறது என்று காதை வைத்துக் கேட்டார். உரசிய இடத்தில் சாக்பீஸால் ஒரு கோடு. இடப்பக்கம் சாய்ந்திருந்தது, ஆகவே அந்த இடத்தில் வலப்பக்கக் கம்பியின் முனையில் இருக்கிற நிப்பிளைக் கால் சுற்று முறுக்கி, இடப்பக்கத்ததைக் கால் சுற்று தளர்த்தி, மறுபடி சுற்றிவிட்டு, மறுபடி கேட்டு. பூத் தொடுக்கிற விரல் அல்லவா, கால் சுற்று என்றால் கால் சுற்றுதான், கூடவும் இல்லை குறையவும் இல்லை. பக்கத்தில் ஒரு காலேஜ் பெண் பொறுமை இல்லாமல் கையை நீட்டினாள், சுவரைக் காட்டினேன், பின்னால் கட்டிக்கொண்டாள். முக்கால் மணி நேரம் ஆயிற்று. கடைசியில் சத்தமே இல்லாமல் சுற்றியபோது யாரும் பேசவில்லை. அது தானாக நிற்கிறவரை பார்த்துக்கொண்டே இருந்தோம்.

குறைகளும் உண்டு. கழிவறைத் தாழ்ப்பாள் சரியில்லை, இந்த வாரமே மாற்றிவிடுகிறேன். பின்கட்டிலிருந்து ரோடு வரைக்கும் விளக்கு இல்லை, ஏழு மணிக்கு இருட்டிவிடுகிறது, எல்லோரும் சேர்ந்துதான் வெளியே வந்தோம். ஜெராக்ஸ் கடைக்காரர் யார் யார் வருகிறார்கள் என்று கேட்டார். சைக்கிள் கற்றுக்கொள்ள வருகிறார்கள் என்றேன், அதற்கு மேல் அவர் கேட்கவில்லை.

மல்லிகைமொட்டு

இன்றைக்குக் காலையில் மாட்டுத்தாவணிக்கு உரசல் இல்லாமல் போனேன். மேம்பாலம் ஏறும்போது இறங்கித் தள்ளவில்லை!

பார்வைத்தவண்டி

அக்கா, அடுத்த ஞாயிறு என் வண்டிக்கு காட்டர் பின் (பெடல் கட்டையை அச்சோடு இறுக்குகிற ஆணி) மாற்ற வேண்டும், பெடல் கட்டை ஆடுகிறது. நல்ல கனமான சுத்தியல் இருக்கிறதா? அன்றைக்குப் பார்த்தது சின்னது, அடித்தால் பின் வளைந்துவிடும்.

வாடகைசைக்கிள்

பெரிய சுத்தியல் அப்பா காலத்திலேயே காணாமல் போயிற்று தம்பி. யாரிடமாவது இருந்தால் கொண்டு வாருங்கள்.

மாடிவீடு

எங்கள் வீட்டில் ஒன்று இருக்கிறது, ஒன்றரைக் கிலோ இருக்கும். கொண்டுவருகிறேன். நாலு மணிக்கே திறந்துவிடுவீர்களா?